கம்பிக் கதவுக்கு வெளியே கிண்டிய களி

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறவருக்கு: தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்குக் கேட்கும். மெதுவாகப் படியுங்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

என் அம்மா, என் குப்பம்மா,

அங்கே குளிருகிறதா? இங்கே தைப் பனி. விடிந்து வெகுநேரம் ஆகியும் எதிர் மலை தெரிவதில்லை. அப்பா சாமை அறுத்துக் களத்தில் போட்டுவிட்டார். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டது. நீ சொன்னபடியே நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

நான் விடுதியின் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்த அதே அறை. பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். என்னை இங்கே உட்கார வைத்தது வார்டன் அம்மாதான். இந்த நாலு வெள்ளைத் தாளும் அவர் கொடுத்ததுதான். "தப்பு வந்தா அடிச்சுக் கிடிச்சு வெக்காத. வேற தாள்ல எழுது. சுத்தமா இருக்கணும்" என்றார். அவர் எழுதச் சொன்னது வேறு. நான் எழுதிக்கொண்டிருப்பது உனக்கு. விளக்கு வெளிச்சம் போதவில்லை, அம்மா. எழுத்து கோணலாக வந்தால் திட்டாதே.

நாளைக்குக் கீழேயிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். நீங்கள் சமையலை நிறுத்திவிட்டு வெளியே போனீர்களே, அதைப் பற்றிக் கேட்க. உன்னோடு சமைத்த வெள்ளச்சி சித்திக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளுக்கு இங்கே சோறும் படுக்கையும் திரும்பக் கிடைக்குமா, இரண்டும் நாளைக்குத்தான் முடிவாகும். நான் எழுதிக் கொடுக்க வேண்டியது இதுதான்: சமையல்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். முதல் நாள் பகல் முழுதும் பிள்ளைகள் பட்டினி. சங்கத்துக்காரர்கள் தூண்டிவிட்டு என் தாயும் அப்படிச் செய்தாள். கீழே என் கையெழுத்து.

நூறு பிள்ளைகள் எழுதிக் கொடுத்தாலும் ஒன்றுதான், குப்பம்மா மகள் எழுதிக் கொடுத்தாலும் ஒன்றுதான். அது வார்டன் அம்மாவுக்குத் தெரியும்.

அந்த உத்தரவு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? ஐந்து மைலுக்குள் வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு இனி விடுதியில் படுக்கை கிடையாது, இரவுச் சோறு கிடையாது, மாசக் கடைசிக்குள் போய்விட வேண்டும் என்று வந்தது. சமையல்காரர்கள் நாலு பேரில் இரண்டு பேர் போதும் என்றும் வந்தது. செலவைக் குறைக்கிறார்களாம். ஐந்து மைல் என்று எழுதியவர் இந்த மலையில் ஒரு மைலாவது ஏறி இறங்கியிருப்பாரா? என் பக்கத்துப் படுக்கை ராஜாத்தி வீட்டுக்கு நாலு மைல். நடுவில் இரண்டு ஓடை. மழைக்காலத்தில் எருமையே தாண்டாது.

மெஹருன் அக்கா வந்தது அதற்கு அடுத்த சந்தை நாளில். கண்ணமங்கலத்தில் பீடி சுற்றுகிற, சங்கத்து அக்கா. ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு, பஸ் பிடித்து, பிறகு நடந்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் அன்று லீவில் வீட்டில் இருந்தேன்.

"சங்கம்னா இன்னாம்மா? எங்களுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாய் நீ.

"உங்க ஊர்ல காட்டுத் தீ வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"வூட்டுக்கு ஒரு ஆளு தழையை ஒடச்சுக்கினு ஓடுவோம். வராத வூட்டுக்கு அடுப்பு பத்த வெக்க ஊரு நெருப்பு குடுக்காது."

"அதான் சங்கம். பேரு மட்டும்தான் கீழ வெச்சது" என்றது அக்கா.

வெள்ளச்சி சித்தி பயந்தாள். "சர்க்கார எதுத்தா உள்ள புடிச்சுப் போட்டுருவாங்களே அக்கா."

"எமர்ஜென்சியே முடிஞ்சு போச்சு. இன்னும் பயந்துக்கினே கெடந்தா எப்படி? உங்க ரெண்டு பேரு வேலைக்கு மட்டும் கேட்டா, ரெண்டு பேரு வேலையத்தான் பேசுவாங்க. புள்ளைங்க சோத்தையும் சேத்துக் கேளுங்க."

அதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "புள்ளைங்க சோத்தைத்தான் மொதல்ல கேக்கணும். அப்புறம்தான் நம்ம வேலை."

ஆனால் அடுப்பை எப்படி அணைப்பது என்று நாலு பேரும் அன்று இரவெல்லாம் பேசினீர்கள். கீழே ஆலைகளில் வேலையை நிறுத்தினால் இயந்திரம் நிற்கும். இங்கே நிறுத்தினால் பிள்ளைகள் வயிறு அல்லவா நிற்கும்? பசித்த பிள்ளை முன்னால் அடுப்பை அணைத்த வீட்டில் விதைச் சாமை முளைக்காது என்று நம் மலையில் சொல்வார்களே. நீதான் கடைசியில் சொன்னாய், "சர்க்காரு அடுப்பத்தான நிறுத்தணும்? நம்ம அடுப்பு எரியட்டும்."

ஐப்பசித் தூறலில், கம்பிக் கதவுக்கு வெளியே மூன்று கல் வைத்து, வீட்டுக்கு ஒரு கை கேழ்வரகு மாவு வாங்கி வந்து, அந்தப் பெரிய பானையில் நீங்கள் களி கிண்டினீர்கள். வேலைநிறுத்தம் செய்துகொண்டே சமைத்தவர்கள் வேறு எங்காவது இருந்திருப்பார்களா, அம்மா?

வாட்ச்மேன் தாத்தா கேலி பேசினார். "கரண்டி புடிச்சவளுக்குக் கொடி எதுக்கு?"

"கரண்டி புடிச்சவளுக்குத்தான் தெரியும், பானையில எவ்ளோ இருக்குதுன்னு. நீ தட்டெடுத்துக்கினு வா, உனக்கும் வெக்கறேன்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் வாங்கியும் சாப்பிட்டார்.

வார்டன் அம்மா கதவைப் பூட்டினார். சமையல் கட்டையும் பூட்டினார். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தட்டு கம்பிக்கு இடையில் நுழையவில்லை. சாய்த்தால் நுழைந்தது, ஆனால் குழம்பு கொட்டியது. நீ உடனே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு களியைச் சின்னச் சின்னதாக உருட்ட ஆரம்பித்தாய், கம்பி இடைவெளிக்குத் தக்கபடி. ஒவ்வொரு உருண்டையிலும் குழி செய்து அவரைக் குழம்பை ஊற்றிக் கம்பிக்குள் நீட்டினாய். உள்ளேயிருந்து அத்தனை கைகள்.

என் கை அதில் இல்லை.

நான் வராந்தாவில் வார்டன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். யார் யார் போகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்துவிட்டாய். ஒரு உருண்டையை எனக்கென்று நீட்டி, "செல்வி, வா" என்றாய். மணிக்கட்டில் பழைய தீச்சூட்டுத் தழும்பு. "எனக்குப் பசியில்ல" என்றேன். நீ கையை எடுக்கவில்லை. களியில் ஆவி அடங்கும் வரை நீட்டிக்கொண்டே நின்றாய். பிறகு ராஜாத்தி கையில் கொடுத்தாய்.

அன்று இரவு ராஜாத்தி என் போர்வைக்குள் கையை விட்டாள். காலையில் நீ கொடுத்த உருண்டையைத் தேக்கிலையில் மடித்து வைத்திருந்தாள். "உங்கம்மா உனக்குக் குடுக்கச் சொன்னாங்கடி. எனக்கும் திங்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. சத்தியமா தொடலை." இருட்டில் யாருக்கும் தெரியாமல் தின்றேன். கல் மாதிரி இறுகியிருந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. அடுத்த மாதமே உனக்குக் காமாலை வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் படவேட்டுப் பக்கம் இறங்கினார்கள். பாதி வழியில், ஊற்றுக்குப் பக்கத்தில், கட்டிலை இறக்கி வைத்துவிட்டார்கள்.

நான் பசியில்லை என்று சொன்னதை நம்பிக்கொண்டா போனாய்?

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள், முதல் பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசி வந்ததே, அதைப் பற்றி இப்போதும் ஊரில் பேசுகிறார்கள். பீடி சுற்றுகிறவர்கள் ஆளுக்கு ஒரு படி போட்டது. "நம்ம மூஞ்சியக் கூடப் பாக்காதவங்க எதுக்கு நமக்கு அரிசி குடுக்கறாங்க?" என்று நீ மெஹருன் அக்காவைக் கேட்டாய். "எங்களுக்கு இலை வராத மாசம் ஒண்ணு வரும். அப்போ நீங்க கேழ்வரகு குடுப்பீங்க. அவ்ளோதான்" என்றது அக்கா. சர்க்கார் கையை எடுத்துக்கொண்ட இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கை வைக்கிறார். பாடப் புத்தகத்தில் இது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆனாலும் மாசக் கடைசியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். உன்னையும் சித்தியையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ராஜாத்தி கொஞ்ச நாள் நடந்து வந்தாள். பாவாடை முட்டி வரை நனைந்திருக்கும், முதல் பாடத்திலேயே தூங்கிவிடுவாள். இப்போது வருவதில்லை. தாய்மாமனுக்குப் பேசியிருக்கிறார்களாம். நாளைக்கு நல்ல பதில் வந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அவள் அம்மா சித்தியிடம் சொல்லியிருக்கிறாள்.

நம் வீடும் ஐந்து மைலுக்குள்தான். தாயில்லாப் பிள்ளை என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார் வார்டன் அம்மா. நீ போன அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவரும் அவர்தான். அதனால்தான் இவ்வளவு கஷ்டம். சாயங்காலம் என் முடியைக் கோதிக்கொண்டே சொன்னார், "போனவங்களுக்கு இனிமே இன்னா வரப் போவுது செல்வி? நீ எழுதிக் குடு. பத்தாவது முடியிற வரைக்கும் உன் படுக்கை இங்கதான். எழுதலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எனக்கும் மேல ஆளு கீறாங்க." சொல்லும்போது வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயம்தான்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். நான் நாலு மைல் நடந்து படித்து எழுதிவிடுவேனா? அப்பாவைக் கேட்டேன். "உங்கம்மா இருந்தா இன்னா சொல்வாளோ அத்தச் செய்யி" என்றார். நீ என்ன சொல்வாய்? கையை நீட்டிக்கொண்டு நிற்பாய்.

அம்மா, இது நாலாவது தாள். இப்போதுதான் கவனித்தேன். அவர் கேட்டதை எழுத இனி இடமில்லை. என் நோட்டில் வேறு தாள் இருக்கிறது. இருக்கட்டும்.

நாளைக்கு அதிகாரி கேட்கும்போது இந்த நாலு தாளையும் அவர் மேசை மேல் வைப்பேன். அன்று யாரும் பட்டினி இல்லை. நானும் பட்டினி இல்லை. என் அம்மா கிண்டிய களியைத் தின்றேன். அதை வாய்விட்டும் சொல்வேன். குரல் வராவிட்டால் அவரே படித்துக்கொள்ளட்டும். சத்தமாகப் படிக்கச் சொல்வேன், உனக்கும் கேட்கும். பிறகு படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் விடிகாலையில் ராஜாத்தி வீட்டு வாசலில் போய்க் கூப்பிடுவேன். இரண்டு பேராக நடந்தால் ஓடை அவ்வளவு பெரிதில்லை. இது சத்தியம்.

உன் களியைத் தின்று வளர்ந்த மகள்,
செல்வி

விளக்கில் எண்ணெய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முதல் தாளின் மேலே யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதினேன் அல்லவா? அடுப்பில் போடச் சொன்னேன் அல்லவா? அந்த வரிகளை அடித்துவிடப் போகிறேன். தாள் சுத்தமாக இருக்காது. பரவாயில்—

சாவிக்கொத்துச் சத்தம். வார்டன் அம்மா கதவைத் தட்டுகிறார். என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தாழ்ப்பாளை நானே திறக்கப் போகிறேன்.