கடைவாசலில் வைத்த உரப்பை

கல்முனைக்குடி
12.02.2007

அன்பு மகன் பஸாலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம், நீயும் கட்டாரில் சுகமாய் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். சுகம் என்று எழுதினாலும் வாப்பா ஒழுங்காய்ச் சாப்பிட்டு ஒரு கிழமையாகிறது.

கடையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போங்கள் என்று போனில் சத்தம் போட்டாயே மகன், அது எங்களுக்கு மட்டுமா கடை? லொறி இரண்டு நாள் வராவிட்டால் தெற்கே திருக்கோவில் ஊர் வரைக்கும் கோதுமை மா இல்லை, பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை. வயலில் விளைந்ததும் இந்தப் பசாருக்கு வந்தால்தான் காசாகும். அதனால்தானே குண்டு வைக்க நினைக்கிறவனும் இங்கேயே வைக்கப் பார்க்கிறான். வயல்காரர்கள் மூட்டையை நம் கடைவாசலில் வைத்துவிட்டு, ஊர்வேலை எல்லாம் முடித்துப் பின்னேரம் எடுத்துப் போவது நீ சின்னதிலிருந்து கண்டதுதான். உனக்குச் சோளன் கொண்டுவந்து தருவாரே திருக்கோவில் இளையதம்பி, அவர் போன திங்கட்கிழமை ஓர் உரப்பையை வைத்து, முதலாளி ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்கப் போனார். யாரோ குண்டு என்று கத்த, பசாரே ஓடியது. துவக்கோடு வந்த ஆமிக்காரர்கள் இது யாருடையது என்று கேட்டதும் உன் வாப்பா பயத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டார். தள்ளி நின்று பையைச் சுட்டார்கள், பயறுதான் கொட்டியது. மருந்தோடு வந்த மனிதன் அது என்ட பைதான் என்றாராம். கடைக்காரனே உன்னைத் தெரியாது என்கிறான், பிறகு ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டு அவரைக் கேம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாப்பா பார்த்துக்கொண்டு நின்றாராம். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு யோசித்தால், நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நேற்று இளையதம்பியின் மனைவி தங்கேஸ்வரி புது அரிசியோடு வந்தார். டவுனில எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும்தான் ஹாஜியார், நீங்க போய்ச் சொன்னா உட்டுருவாங்க என்று அழுதார். வாப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்று தங்கேஸ்வரிக்குத் தெரியாது. ஓம் என்று மட்டும் சொன்னார் உன் வாப்பா. நாளைக்கு சுபஹ் தொழுதுவிட்டு கேம்புக்குப் போய், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறார். அவரையும் பிடித்து வைத்துவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். போகவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அரிசியை நான் இன்னும் உலையில் போடவில்லை.

ரப்பு உன்னைக் காக்கட்டும் மகன், வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய், தொழுகையை விடாதே. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். போன் எடுத்தால் கடையைப் பற்றிக் கேளாதே. வாப்பா வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் கேள்.

உன் உம்மா
ஜெமீலா