பேனரில் நான்கு விரல்கள்

இனியன் அப்பாவுக்கு,

அன்னவாசலில் திருவிழா நல்லபடியாக முடிந்தது. நான் ஆரி வேலை செய்து தைத்த பாவாடையைத்தான் அம்மனுக்குச் சாத்தினார்கள். திருவிழாப் பேனரைப் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலிருந்து போனில் கத்தினீர்களே, அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

கூலிக்கு எடுத்திருந்த கல்யாணப் பத்திரிகை டிசைன் வேலைகளைத் தள்ளிவைத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதை டிசைன் செய்தேன். நீங்கள் பெரிதாக, பங்காளிகள் இருபத்தாறு பேர் சின்னதாக, கீழே நம் பிள்ளை இனியன். என் படத்தையும் வைக்கவா என்றதற்கு, "பொம்பளப் படத்தப் போட்டா ஊரு சிரிக்கும்" என்றீர்கள். உச்சியில் அம்மன் படம் இருந்தது. அதற்கு ஊர் சிரிக்கவில்லை.

பிள்ளை இன்னும் தனியாக நிற்கவில்லை. நான் இடுப்பைப் பிடித்து நிற்க வைத்த படம்தான் இருந்தது. அதில் என் முகத்தை அழித்தேன், தோளை அழித்தேன். நான்கு விரல்கள் மட்டும் பேனரில் நின்றுவிட்டன.

"அவ கவனிக்காம விட்டுட்டா" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். கவனித்தேன். அந்த விரல்களையும் அழித்துப் பார்த்தேன். பிள்ளை விழப்போவதுபோல் இருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷப் பேனருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்த விரல்களுக்கு உரியவள்