பெண் எலிகளின் சர்க்கரை

என் சின்னக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், அதைத்தான் நான் நம்பவில்லை. உனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரே டாக்டர், சர்க்கரை நோய்க்கு ஒரே மாதிரி குடல் ஆபரேஷன், அவனுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது, உனக்கு இறங்கவில்லை, உடனே அந்த டாக்டர் "வீட்ல ஒளிச்சு வச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாராமே. அதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. உன் அப்பாவாவது உன் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு "வாயைக் கட்டணும்ல" என்கிறார். அவரோடு இப்போது எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கூத்தைக் கேள். சிறுகுடலின் கடைசித் துண்டை வெட்டி மேலே கொண்டுவந்து இணைக்கிற, உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷனைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு நான்தானே செய்கிறேன். ஆண் எலிகளுக்குச் சர்க்கரை அழகாகக் குறைந்தது, பெண் எலிகளும் இளைத்தன, ஆனால் சர்க்கரை மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. எங்கள் தலைமை விஞ்ஞானி "உங்க தையல்லதான் ஏதோ கோளாறு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அடுத்த முறை பக்கத்து அறைக்காரரைத் தைக்கச் சொன்னேன், அதே கதைதான். தீனியை எடைபோட்டுப் பார்த்தோம், பெண் எலிகள் ஆண் எலிகளைவிட ஒரு துளிகூட அதிகம் தின்னவில்லை. கூண்டுக்குள் அதுகள் எங்கே ஒளித்து வைத்துத் தின்னும், நீயே சொல். அப்போதும் மனிதர் அடங்கவில்லை, "பொம்பள எலின்னாலே குழப்பம், ஆண் எலி முடிவை மட்டும் கட்டுரையா எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவோம்" என்றார். அப்படியென்றால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன், கெஞ்சுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன், "சரிங்க" என்று என் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விடுவேனா, எலிச் சோதனைக்கு அனுமதி தருகிற விலங்கு நலக் குழுவிடம் நேரே போனேன். எழுதாமல் விடுவதற்கா இத்தனை வயிறுகளைக் கிழித்தோம் என்று கேட்டேன். பெண் எலிகளின் முடிவையும் சேர்த்தே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் சேர்த்திருக்கிறார், கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். என் பெயர் மட்டும் திரும்பி வரவில்லை. என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார்.

எலி வேறு, மனுஷி வேறு, அது எனக்கும் தெரியும். அதனால் சர்க்கரை மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. ஆனால் அந்த டாக்டரிடம் போய், இந்த ஆபரேஷன் பெண்களுக்கு எப்படிப் பலிக்கிறது என்று தனியாகப் பார்த்தீர்களா என்று கேள். தலைகுனிந்து கேட்காதே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள். சரியான பதில் வராவிட்டால் வேறு டாக்டரைப் பார்.

உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, எனக்கு வேறென்ன வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எதையும் ஒளித்துத் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். தின்றிருந்தாலும் நான் உன் பக்கம்தான்.

உன் அம்மா