தலையாட்டி வாங்கிய சர்க்கரை

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். சும்மா சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், அதுவும் இரண்டாவது அறிக்கை. நீயும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்து சாப்பிட்டு நலமாக இரு. முதலில் முக்கியமான விஷயம். ரத்தம் எடுப்பதில் நீ ரொம்ப மெதுவு என்று உங்கள் லேப் மேலாளர் கொடுத்த மெமோவுக்கு, "இனிமேல் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது, மன்னிக்கவும்" என்று நான் பதில் சொல்லிக்கொடுத்தேனே, மாதக் கடைசியில் அதைக் கொடுத்துவிடாதே. கிழித்துப் போடு. போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு பரிசோதனைக்குப் போனேன், அப்பா துணைக்கு. துணை என்றால் உனக்குத் தெரியும், ஊசி கண்ணில் படாமலிருக்க, சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தையே அரைமணி நேரம் படித்துக்கொண்டிருந்தார். என் டோக்கன் பதினாறு. ரத்தம் எடுக்கிற பெண் படுவேகம், எல்லாருடைய பேரையும் முன்னாலேயே குழாய்களில் ஒட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இவள் வேகத்தில் பாதியாவது நம் பிள்ளைக்கு வரக்கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "பதினேழு நீங்கதானே?" என்றாள். யோசனையிலேயே தலையாட்டிவிட்டேன். கேட்டது காதில் விழாவிட்டாலும் தலையாட்டுவது உன் அப்பாவோடு குடித்தனம் நடத்திப் பழகியது. ஊசி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை.

மறுநாள் அறிக்கை வந்தது, சர்க்கரை முந்நூற்றுப் பத்து. அப்பா சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "இனிமே என் முகத்தைப் பார்த்துக்கிட்டே காபி குடி, போதும்" என்றார். குடித்துப் பார்த்தேன், போதவில்லை. காலையும் மாலையும் என்னை நடக்கவைத்தார், அவர் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். புதன்கிழமை பையிலிருந்து குடையை எடுக்கும்போது டோக்கன் சீட்டு கீழே விழுந்தது. பதினாறு என்று பார்த்ததும்தான் நான் ஆட்டிய தலை ஞாபகம் வந்தது. என் ரத்தம் பதினேழாம் ஆளின் குழாயில், அவர் ரத்தம் மிச்சமிருந்த என் குழாயில். எனக்குச் சர்க்கரை இல்லை என்று ஒரு நிமிடம் குதித்தேன், அடுத்த நிமிடம் செருப்பைத் தேடினேன். அந்த முந்நூற்றுப் பத்தைச் சுமந்துகொண்டு யாரோ ஒருவர் தனக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் திரிகிறாரே.

லேபுக்கு ஓடினோம், அவரையும் போன் செய்து வரவழைத்தார்கள். லாரி டிரைவர். எல்லாம் நார்மல் என்று வந்த சந்தோஷத்தில் ரெண்டு நாளாகக் கேக்காகச் சாப்பிட்டிருக்கிறார், மீசையில் இன்னும் கிரீம் இருந்தது. "கண்ணு மங்குதுன்னுதாம்மா டெஸ்டுக்கே வந்தேன், நார்மல்னு சொன்னதால நாளைக்கு லோடு ஏத்திக்கிட்டுக் கிளம்ப இருந்தேன்" என்றார். அந்தப் பெண் அழுதாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை, தலையாட்டியது நான், அவளிடமும் யாராவது மூன்று நிமிடக் கணக்குச் சொல்லியிருப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊசியை எடுத்தவள், "உங்க பேரை நீங்களே சொல்லுங்க" என்றாள். உன்னை அங்கே 'பேர் சொல்லுங்க மேடம்' என்று கேலி செய்கிறார்களே, அதே வார்த்தை. சொன்னேன். ரத்தம் எடுத்த பிறகு என் கண் முன்னாலேயே குழாயில் எழுதி, சரியா என்று காட்டினாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

அதனால் உன் பதிலில் இவ்வளவு எழுது: "ஒவ்வொருவரிடமும் பேரைக் கேட்டு, அவர் முன்னாலேயே குழாயில் எழுதுகிறேன். அதற்கு நேரம் ஆகிறது." மன்னிப்பு எதுவும் வேண்டாம். மேலாளர் கோபித்தால் காட்ட, என் இரண்டு அறிக்கைகளையும் இதோடு வைத்திருக்கிறேன். அதற்கும் மேலே போனால் நம் வீடு இருக்கிறது, சர்க்கரை டப்பாவையும் திரும்ப வாங்கிவிட்டோம்.

நீ தொடுகிற கைகளும் உன் கையும் என்றும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். எடுத்ததும் யார் பேசுவது என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
(டோக்கன் பதினாறு)