அடுப்படியில் திறந்த மீன் டப்பா

அன்புள்ள மாரிட், உன் இருமல் குறைந்ததா? நான் நலம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் நாற்றத்துக்குப் பயந்து முற்றத்தில் மட்டுமே திறக்கிற புளித்த மீன் டப்பாவை, வீட்டுக்கார அம்மா ஹில்துருக்கு உதவுவதாக நினைத்து அவர் அடுப்படியிலேயே திறந்துவிட்டேன். மீன்தண்ணீர் பீறிட்டுச் சுவரெல்லாம் நனைந்தது.

"ஏன்யா நார்வேக்காரரே, மீனைச் சாம்பத்தண்ணில கூழாக்கித் திங்கிற ஊர்ல மூக்கே கிடையாதா?"

"இருந்துச்சும்மா, இப்பதான் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. நீயும் இங்கே வந்து என்னோடு தங்க அவர் சம்மதிக்க வேண்டுமே, அதுதான் என் கவலை. இருந்தும் கேட்டேன்; சுவரைக் கழுவிவிட்டுப் பதில் கேட்கச் சொன்னார். கழுவிவிட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. உன் பழைய சால்வையையும் சேர்த்து அனுப்பு, துவைக்க வேண்டாம்.

அவசரமாக முடிக்கிறேன், பதில் வந்துவிட்டது. என் கட்டிலை முற்றத்தில் போட்டிருக்கிறார். லேசாகத் தூறுகிறது.

உன் டோர்லைஃப்