நாலு டிகிரி

பிப்ரவரி 28, வெள்ளி

புது நோட்டு வாங்கி வைத்தும் பழையதில்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனசு வரவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரே மரியாதை. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரியிடம் டாக்டரம்மா என் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் தாளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். மாதம் முழுக்க எல்லாக் கட்டத்திலும் நாலு. இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை எது இருந்தாலும் சரிதான், ஆனால் என் ஃப்ரிட்ஜ் நாலை விட்டு நகராது. ஊசி போடும் நர்ஸ் எனக்கு வைத்திருக்கும் பேரே 'நாலு டிகிரி அக்கா'. அதிகாரி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப ஒழுங்கான ஃப்ரிட்ஜ்" என்றார். அது பாராட்டா இல்லையா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மாலையில் பார்த்தால் ஒன்பது. யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை. குமிழைக் குளிர் பக்கம் நன்றாகத் திருகிவிட்டுத் தாளில் நாலு என்று போட்டேன். விடுமுறை நாளிலும் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. சாவி என்னிடம், வீடும் பத்து நிமிட நடைதான். ஆனால் நாளை சபையில் பெண்கள் உபவாச ஜெபம், மறுநாள் ஆராதனை. வழக்கம்போல சனி ஞாயிறுக் கட்டங்களை இப்போதே நிரப்பிவிட்டு வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி பிடித்துக்கொண்டார். பதினைந்தாம் தேதி பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, 'யாரும் பார்க்காத இடத்தில் உண்மை'. டாக்டரம்மா என்னைப் பற்றி அவரிடம் அவ்வளவு சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவையும் கேட்கட்டும் என்றுதான். கேட்டார்.

மார்ச் 3, திங்கள்

காலையில் ஃப்ரிட்ஜ் மைனஸ் மூன்று.

வெள்ளிக்கிழமை திருகிய குமிழைத் திருப்பி வைக்கவில்லை. சனிக்கிழமை ஒரு நடை வந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதக் குழந்தைகளுக்குப் போடும் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தேன். உள்ளே ஓரமாகப் பனி கட்டியிருந்தது. இந்த மருந்து உறைந்தால் வீரியம் போய்விடும். குழந்தைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஊசியால் பயனும் இல்லை. பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று தாய் நம்பிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். உறைந்ததாகச் சந்தேகம் வந்தால் தனியே எடுத்து வைத்து உடனே சொல்ல வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

குப்பியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பனி கரைந்தது. குப்பியைத் திருப்பி வைத்து, குமிழையும் சரியாக்கிவிட்டுக் கட்டத்தில் நாலு என்று எழுதினேன்.

மார்ச் 5, புதன்

தடுப்பூசி நாள். நாற்பத்தொரு குழந்தைகள்.

குப்பிகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் தாள் போச்சு, பேர் போச்சு. சாத்திவிடுவேன்.

பத்தொன்பதாவதாக என் தங்கச்சி நின்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பாப்பா. "பெரியம்மா ஆஸ்பத்திரி பாருடி" என்று அதற்கு அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

தங்கச்சிக்குப் போன் செய்தேன். அந்த மருந்து கொஞ்சம் பழசு, எதற்கும் வேறு ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு இன்னொரு தடவை போட்டுவிடு, யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றேன். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைப்பவள்.

மார்ச் 7, வெள்ளி

பாப்பாவுக்கு நேற்றே போட்டாயிற்று. மூன்று ராத்திரிக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். சே. என்ன பொம்பளை நான்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பாப்பாவுக்கு முன்னாடி பதினெட்டுப் பேர் நின்னாங்க. பின்னாடியும் நின்னாங்க. அவங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டியா?"

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அவள் டீ கூடக் குடிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்ன சண்டை என்று வீட்டுக்காரர் கேட்டார். சண்டை ஒன்றுமில்லை என்றேன். அது ஒன்றுதான் இந்த வாரம் நான் சொன்ன நிஜம்.

மார்ச் 10, திங்கள்

இத்தனை நாளும் ஜெபிக்காமல் இல்லை. மன்னிப்பு கேட்டேன், அழுதேன், எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசுதான் இப்போது பயமாக இருக்கிறது. ஆண்டவரிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவர் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்ல மாட்டார், நாற்பது வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். உங்ககிட்ட சொல்லிட்டேன்ல, விட்டுடுங்க – இதுதானே நான் பண்ணின ஜெபம்?

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரம்மா அறைக்குள் வரை போய்விட்டேன். என்ன என்று நிமிர்ந்தார். ஸ்டேப்ளர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

மறுபடி தடுப்பூசி நாள். காலை எட்டரைக்கே வாசலில் பத்துப் பன்னிரண்டு தாய்மார். ஃப்ரிட்ஜில் அதே பெட்டி, மிச்சக் குப்பிகள்.

டாக்டரம்மா அறைக்குள் போனேன். போயும் நேராகச் சொன்னேனா? போன வாரம் கரண்ட் ஏறி இறங்கியதில் ஃப்ரிட்ஜ் கோளாறாகியிருக்கும் போலிருக்கிறது, மருந்து உறைந்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன். வாயிலிருந்து தானாக வருகிறது. டாக்டரம்மா எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். எல்லா நாளும் நாலு என்றுதானே இருக்கிறது, எப்படி உறையும் என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கரண்டில் கோளாறு இல்லை, நான்தான் வரவில்லை என்றேன். குமிழ், மைனஸ் மூன்று, உள்ளங்கை, தங்கச்சி பாப்பா, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "சனி ஞாயிறு எவ்வளவு நாளா இப்படி எழுதுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு வருஷமா."

"அப்போ இந்தத் தாள்ல எதும்மா நிஜம்?"

தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து, ஆனால் எது பார்த்து எழுதியது, எது பார்க்காமல் எழுதியது என்று எனக்கே தெரியவில்லை.

ஊசி நிறுத்தப்பட்டது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே நர்ஸ் நின்றிருந்தாள். "ஊசி போட்டது நான்தானே அக்கா. அவங்க என் மூஞ்சியைத்தானே ஞாபகம் வெச்சிருப்பாங்க" என்றாள். அவளை நான் ஒரு தடவைகூட நினைக்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

போதகரின் மனைவியிடம் போய் நடந்ததைச் சொல்லி, கூட்டத்தில் பேச எனக்குத் தகுதியில்லை என்றேன். பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரிடமும் எதற்குச் சொல்லிக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று நானே அறிவித்துவிடுகிறேன் என்றார். உண்மையைப் பற்றிய கூட்டத்துக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 15, சனி

போனேன். இரண்டு நிமிடம்தான் பேசினேன். எழுதி வைத்திருந்த பத்துப் பக்கப் பிரசங்கத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் செய்ததைச் சொன்னேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனி, இதே அறையில் உங்களோடு ஜெபித்துக்கொண்டிருந்தபோது என் கட்டம் ஏற்கனவே நிரம்பியிருந்தது என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. எழுந்தாள், குழந்தையைத் துணியால் நன்றாகப் போர்த்தினாள், என்னைப் பார்க்காமலே வெளியே போனாள். மற்றவர்கள் பிறகு வந்து தைரியம் சொன்னார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

சபைப் பிள்ளைகளுக்கு நான் எடுத்துவந்த ஞாயிறு பள்ளி வகுப்பை நானே விட்டுவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

புது மருந்து வந்துவிட்டது. போனில் கிடைக்காத வீடுகளுக்கு நான் நேரில் போகிறேன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வண்டியை எடுங்கள் என்றேன், வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்தார். இன்று ஆறு வீடு. மருந்து உறைந்துவிட்டது, நான் மறைத்துவிட்டேன் – இதை ஆறு வாசலில் சொன்னேன். ஒரு தாத்தா தண்ணீர் கொடுத்தார். ஒரு அம்மா என் முகத்தில் கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தொன்பது பேருக்கு மறுபடி போட்டாயிற்று. தங்கச்சி பாப்பாவோடு நாற்பது. ஒரு குழந்தை கிடைக்கவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், போன் அணைந்திருக்கிறது. அலுவலகத்தில் அறிக்கை தயாராகிறது. எழுதுகிறவர், ஒன்றுதானே, இதையும் முடிந்ததாகப் போட்டுவிடலாமே, எங்கேயாவது போட்டிருப்பார்கள் என்றார். நல்ல மனிதர்தான், எனக்கு உதவி என்று நினைத்தார்.

கட்டத்தைக் காலியாகவே விடச் சொன்னேன். பேப்பரில் அது ஓட்டைப் பல் மாதிரி தெரிகிறது.

ஏப்ரல் 9, புதன்

பாப்பாவுக்கு இரண்டாவது ஊசி. தங்கச்சி இங்கே வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று அவள் மாமியார் சொன்னார்.

ஏப்ரல் 21, திங்கள்

சாவி திரும்பி வந்தது. தினமும் நர்ஸ் கூடப் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் குனிந்து எண்ணைப் பார்க்கும் அந்த இரண்டு வினாடியும் எனக்குக் கூசுகிறது. இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். 'நாலு டிகிரி' போய்விட்டது, இப்போது வெறும் 'அக்கா'.

மே 3, சனி

மாலையில் ஃப்ரிட்ஜ் ஏழரை டிகிரி. சரியான அளவுதான், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பேனா தானாகப் போய் நாலு போட்டுவிட்டது. நர்ஸ் வருவதற்குள் அழித்திருக்கலாம். குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ஏழரை என்று எழுதினேன். அசிங்கமாகத் தெரிகிறது. திங்கட்கிழமை டாக்டரம்மா என்ன கோடு என்று கேட்பார். கேட்கட்டும், சொல்கிறேன்.

காணாமல் போன குழந்தையின் வீட்டுப் பக்கம் இன்றும் போய்ப் பார்த்தேன். புதுக் குடித்தனக்காரருக்குத் தெரியவில்லை.

மே 7, புதன்

குனிந்து குப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையில் தங்கச்சி. மூன்றாவது ஊசிக்கு. எட்டு வாரமாக என்னோடு பேசாதவள்.

மேஜைக்கு வந்ததும் என்னைத்தான் பார்த்தாள், நர்ஸைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு?"

"காலையில அஞ்சு. இப்போ கதவு திறந்து திறந்து ஆறரை."

சுவரில் இருந்த தாளை எட்டிப் பார்த்தாள். ஐந்து, ஆறு, ஐந்தரை, கோடு போட்ட நாலு, ஏழரை. மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தாள்.

பிறகு நர்ஸிடம் பாப்பாவின் தொடையைத் திருப்பிக் காட்டி, போடுங்க என்றாள்.