வாசல் உருளியில் கொசுப்புழு

ஸ்ரீலட்சுமிக்கு,

கிழக்கேகோட்டைக்குப் போகிறேன். அவியல் மூடி வைத்திருக்கிறது. ரசத்தை மட்டும் சூடாக்கிக்கொள்.

நேற்று டியூஷன் பிள்ளைகளிடம், "கொசு எங்க பெருகும்னு பாக்க தூரமா போகண்டாம், நம்ம வாசல் உருளியே போதும்" என்றாய். என் அம்மை சீராகக் கொண்டுவந்த, பூ மிதக்கவிடும் வெண்கல உருளி அது. "எங்க வீட்டுலயா கொசு?" என்று அவர்கள் முன்னாலேயே சத்தம் போட்டுவிட்டேன்.

இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். பூக்களுக்கு அடியில் புழுக்கள் நெளிந்தன. நீ சொன்னபடியே வாலை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சு வாங்குகின்றன. நிழல் பட்டால் கீழே ஓடுகின்றன. அரை மணி நேரம் நின்றே பார்த்தேன்.

பிறகு உருளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். கொஞ்சம் புழுக்களைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வாயில் துணி கட்டி, உன் மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டு. துணியை அவிழ்க்காதே, கொசுவாகிப் பறந்துவிடும்.

உன் மாமனார்,
பூதலிங்கம்

பின்குறிப்பு: இனி வெள்ளிதோறும் தண்ணீரை நானே மாற்றுவேன்.

இன்னொன்று: அடுத்த வீட்டில் பிடித்தது என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நம் உருளியில் எடுத்தது என்றே சொல். தேய்த்து வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.